பூவைப் பூவாகப் பார்த்த குற்றம்

ஒரு படத்தைத் தப்பாகப் பார்க்க முடியும் என்பதே பிரேக் டீச்சருக்கு அதுவரை தெரியாது. காரைத் தப்பாக ஓட்டலாம். ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் சுவரை எடுக்கலாம். ஆனால் கண்ணுக்கு நேரே சுவரில் தொங்குகிற ஒன்றை எப்படித் தப்பாகப் பார்ப்பது? அதற்கும் ஒரு துறை இருக்கிறது, துறைக்கு ஓர் இயக்குநர் இருக்கிறார், அவருக்குக் கீழே ஒரு துணை இயக்குநர் இருக்கிறார் என்பதெல்லாம் அவர் பின்னால் தெரிந்துகொண்டது.

பிரேக் டீச்சர் என்பது மாணவர்கள் வைத்த பெயர். டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும் அல்லவா, அதை அவர் மிதிக்கிற மிதியில் ஓட்டுகிறவரின் நெற்றி ஸ்டியரிங்கைத் தொட்டுவிட்டுத் திரும்பும். குரலும் அப்படித்தான். "ஏம்பா, கண்ணாடிய பாரு!" என்றால் பக்கத்து வண்டிக்காரனும் சேர்ந்து பார்ப்பான். அந்தக் குரலுக்குப் பயந்தே அந்தப் பகுதியில் பாதிப் பேர் ஒழுங்காக வண்டி ஓட்டக் கற்றிருந்தார்கள்.

அன்றைக்கு ஒரு பல் டாக்டருக்கு லைசென்ஸ் டெஸ்ட். ஊரார் வாயில் எல்லாம் தைரியமாகக் கருவியை விடுகிறவர், கிளட்சைக் கண்டால் நடுங்குவார். "நீங்க பார்த்துட்டு நின்னா எனக்குக் கை கால் ஓடாது டீச்சர். தயவுபண்ணி எங்கயாவது போயிடுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். மைதானத்துக்கு எதிரே கலைக்கூடம். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. உள்ளே ஏசி இருக்கும், குடிக்கத் தண்ணீர் இருக்கும், பாத்ரூம் இருக்கும் என்று டீச்சர் சாலையைக் கடந்து போனார். கலையும் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

பாத்ரூமிலிருந்து வந்தவர் வழி தெரியாமல் ஒரு கதவைத் தள்ளினார். அது ஓர் அறையிலிருந்து வெளியே வருவதற்கான கதவு. டீச்சர் அந்தப் பக்கமிருந்து தள்ளியதால் உள்ளே போய்விட்டார்.

பெரிய அறை. இருட்டு. ஒரே ஒரு விளக்கு, அதன் கீழே கண்ணாடி போட்ட ஒரே ஒரு படம். ஒரு மேசை, மேசைமேல் ஒரு ஜாடி, ஜாடி நிறையப் பூ. மேசை முன்பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஜாடி இப்போது விழுமோ அப்புறம் விழுமோ என்று நின்றது. சாயத்தைப் பூசியதாகவே தெரியவில்லை, கரண்டியால் அள்ளி அப்பியதுபோல இருந்தது. பூக்களின் ஓரமெல்லாம் தடித்த நீலக் கோடு. வெள்ளையும் மஞ்சளுமாக எல்லாம் மேலே பார்த்துக்கொண்டிருக்க, ஒன்று மட்டும் காம்பு ஒடிந்து ஜாடியின் விளிம்பில் தலையைத் தொங்கப் போட்டிருந்தது.

டீச்சரின் அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில், ஜன்னலோரம் ஒரு கண்ணாடி டம்ளரில் பூ வைத்திருந்தார்கள். டீச்சர் தண்ணீர் மாற்றும்போது வாடினதைப் பிடுங்கப் போனார். அக்கா கண்ணைத் திறந்து, "அந்தக் கோணலா நிக்கறத மட்டும் எடுத்துடாதடி. அதுவும் இருந்துட்டுப் போகட்டும்" என்றார். அக்கா பேசிய பேச்சில் கடைசியாகக் காதில் தெளிவாக விழுந்தது அதுதான்.

இந்தப் படத்தை வரைந்த மனுஷனும் அதை எடுத்துப் போடவில்லை. போகட்டும் என்று விட்டிருக்கிறான்.

அவ்வளவுதான். சாவு வீட்டில்கூட வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டு அழாமல் நின்ற பிரேக் டீச்சர், அந்த அறையில் தனியாக நின்று ஓவென்று அழுதார். கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். மறுபடி படத்தைப் பார்த்தார். மறுபடி அழுதார்.

எங்கோ மணி அடித்தது. கதவு திறந்து, கோட்டுப் போட்ட ஒல்லியான ஒருவர் இரண்டு காவலர்களோடு வேகமாக வந்தார். அவர்தான் துணை இயக்குநர்.

"அம்மா, பதற்றப்படாதீங்க" என்றார் பதற்றமாக. "பார்க்க வர்றவங்களத் தயார்ப்படுத்தற அறை வழியா நீங்க வரலையே?"

"பாத்ரூம் வழியா வந்தேன்."

துணை இயக்குநர் கண்ணை மூடித் திறந்தார். "சரி. நீங்க என்ன பார்த்தீங்க? மனசுல பட்டதச் சொல்லுங்க."

"பூ."

காவலர்களில் ஒருவர் 'ஐயோ பாவம்' என்பதுபோல உச்சுக் கொட்டினார்.

"அங்க பூவே இல்லம்மா" என்றார் துணை இயக்குநர், ஜுரக்காரரிடம் பேசுகிற குரலில். "இது பின்-மனப்பதிவியக் காலத்து அசைவற்ற பொருள் ஓவியம்."

"அசையாத பொருள்னா? வீடு, நிலம் மாதிரியா?"

"இல்லம்மா. அங்க இருக்கறது நிறத் தளங்கள். தளங்களுக்கு நடுவுல ஒரு விவாதம் நடக்குது. அந்த விவாதத்துல நாம தலையிடாம நிக்கணும். நீங்க தலையிட்டதோட இல்லாம அழுதும் இருக்கீங்க. இதுக்கு எங்க துறையில பூ மயக்கம்னு பேரு. பூவைப் பூவாவே பார்த்துடறது. ஆரம்ப நிலை. குணமாக்கிடலாம்."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படத்தைப் பார்த்தார். பூவாகத்தான் இருந்தது. வாதாடாமல் வெளியே வந்தார். பல் டாக்டர் ஃபெயிலாகியிருந்தார். அவருக்கு ஆறுதல் சொன்னதில் கலைக்கூடம் மறந்து போனது.

கலைக்கூடம் அவரை மறக்கவில்லை.

சில வாரங்கள் கழித்து, புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் சிக்னலை மீறிப் போனான். டீச்சர் பிரேக்கை மிதித்து, "அறிவிருக்கா உனக்கு?" என்று ஆரம்பித்தார். அவன் பயப்படாமல் திரும்பி, "விடுங்க டீச்சர், அழுதுடாதீங்க" என்றான். பின் இருக்கையில் இருந்த இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

விஷயத்தைக் கொண்டு வந்தவள் அக்கா மகள். அம்மா போனதிலிருந்து சித்தியோடுதான் இருந்தாள். மருந்துக் கடையில் வேலை. இருமல் மருந்து வாங்க வந்த ஒருவரின் கைப்பேசியில் பார்த்தாளாம். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அதைக் காட்டினாள்.

டீச்சரின் முகம். படத்துக்குப் பக்கத்துச் சுவரில் எங்கேயோ ஓட்டை போட்டு கேமரா வைத்திருக்கிறார்கள்; முகம் நேருக்கு நேர் தெரிந்தது. கோணிய வாய், சிவந்த மூக்கு, கைக்குட்டை. பின்னால் துணை இயக்குநரின் குரல்:

"கவனியுங்கள். இவர் படத்தின் முன்னால் நிற்கிறார், படத்தைப் பார்க்கவில்லை. தன்னைத்தான் பார்க்கிறார். இதோ, கை முகத்துக்குப் போகிறது. கட்டுப்பாடு இல்லாத மனத்தின் முதல் அடையாளம். இப்போது வாய் திறக்கிறது. உள்ளே ஒன்றுமில்லை என்பதை நீங்களே பார்க்கலாம். இப்படிப்பட்டவர்கள் மேல் கோபப்படக் கூடாது. இரக்கப்பட வேண்டும்."

கலைக்கூடத்தின் ரசனைப் பயிற்சி வகுப்பில் யாரோ கெக்கெக்கென்று சிரிக்கிற சத்தத்தோடு படம் முடிந்தது.

"அம்மாவ நினைச்சுதான அழுதீங்க சித்தி?" என்றாள் அவள்.

டீச்சர் கைப்பேசியை அவளிடமே திருப்பி நீட்டினார்.

"அம்மாவுக்காக அழுத அழுகைய எடுத்து வச்சுக்கிட்டுச் சிரிக்கறாங்க. போற வர்றவனெல்லாம் பார்க்கறான்." அவள் அழவில்லை. மருந்துக் கடையில் காலாவதியான மாத்திரையைத் தூக்கி எறிகிற மாதிரி கைப்பேசியை மேசையில் போட்டுவிட்டு உள்ளே போனாள். அன்று இரவு சாப்பிடவும் இல்லை.

அடுத்த நாள் டீச்சர் கலைக்கூடத்துக்குப் போனார். இந்த முறை முன்வாசல் வழியாக.

இயக்குநரின் அறை அந்தப் பூ அறையைவிடப் பெரியது. இயக்குநர் பார்க்க லட்சணமான மனிதர். அவர் தலைமுடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெள்ளையாக, அலை அலையாக, நெற்றியிலிருந்து எழும்பிப் பின்னால் போய்ப் பிடரியில் சுருண்டு நிற்கும். அவர் பேசும்போது கேட்கிறவர்கள் முடியைத்தான் பார்ப்பார்கள். பேச்சு அறிவாளித்தனமாக இருந்தது என்று வீட்டுக்குப் போய்ச் சொல்வார்கள்.

"என் முகத்த எடுங்க சார்" என்றார் டீச்சர். "நான் பிழைப்பு நடத்த வேண்டியவ. பிள்ளைங்க என்னப் பார்த்துச் சிரிக்குதுங்க."

இயக்குநர் புன்னகைத்தார். "அம்மா, அது உங்க முகம்னு நீங்க நினைக்கறீங்க. நியாயம்தான். எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க. அந்தப் படம் எங்களோடது. அந்தப் படத்தாலதான உங்களுக்குக் கண்ணீர் வந்தது? அப்ப அந்தக் கண்ணீரும் எங்களோடதுதான். கண்ணீர எடுத்துட்டா மிச்சம் இருக்கறது ஒரு மூக்கு. அத மட்டும் நீங்க வச்சுக்கறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல."

துணை இயக்குநர் பக்கத்தில் நின்று தலையாட்டினார்.

"மக்களுக்கு ரசிக்கச் சொல்லித் தர்றதுக்காக நான் என் வாழ்க்கையவே கொடுத்திருக்கேன்" என்று இயக்குநர் தொடர்ந்தார். "முன்னாடி எல்லாம் ஜனங்க பாட்டுக்கு வருவாங்க, பார்ப்பாங்க, பிடிச்சா நிப்பாங்க, பிடிக்கலன்னா போவாங்க. என்ன ஒரு அலங்கோலம்! இப்ப பாருங்க, எங்க அனுமதி இல்லாம இந்தக் கட்டடத்துல யாருக்கும் எதுவும் பிடிக்கறதில்ல. அது சாதாரண சாதனையா?"

"என் முகத்த எடுப்பீங்களா, மாட்டீங்களா?"

"பயிற்சியில சேருங்க. தேறுங்க. நீங்க மாறிட்டீங்கன்னா அந்த முகம் பொய்யாயிடும். பொய்யை நாங்க வச்சுக்க மாட்டோம்."

டீச்சர் சேர்ந்தார்.

பயிற்சி வகுப்பில் பெரிய மனிதர்கள் இருந்தார்கள். ரிட்டயரான நீதிபதி ஒருவர், கம்பெனி முதலாளி ஒருவர், மருமகளுக்கு ரசனை தெரியும் என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டதால் தானும் தெரிந்துகொள்ள வந்த ஓர் அம்மாள். முதல் வாரம் நிற்கக் கற்றுக் கொடுத்தார்கள். உடம்பின் பாரம் இடது காலில். வலது கை முழங்கையை இடது கை தாங்க வேண்டும். ஆள்காட்டி விரல் தாடையில், கன்னத்தில் அல்ல. கன்னத்தில் வைத்தால் பல்வலி என்று அர்த்தம். அடுத்த வாரம் புருவம். அதற்கடுத்து "ம்ம்ம்" என்கிற சத்தம். அதில் மூன்று வகை உண்டு: புரிந்த ம்ம்ம், புரியவில்லை என்பது புரிந்த ம்ம்ம், இதைப் புரிந்துகொள்ள இங்கே வேறு யாருக்கும் தகுதியில்லை என்கிற ம்ம்ம். மூன்றாவதை நீதிபதி பிறவியிலேயே அறிந்திருந்தார்.

துணை இயக்குநர் குறிப்புத் தாளில் புதைத்த முகத்தை எடுக்காமலே வகுப்பு நடத்துவார். மாணவர்கள் இருக்கிறார்களா, எழுந்து போய்விட்டார்களா என்றுகூடப் பார்ப்பதில்லை. "பார்வை என்பது கண்ணின் வேலையல்ல" என்று ஒரு நாள் படித்தார். கடைசி வரிசையில், வகுப்பைப் படம் பிடிக்க வந்திருந்த கேமராக்காரப் பெண் கொட்டாவி விட்டாள்.

படத்தை யாரும் பார்க்கவில்லை. டீச்சர் ஒரு தடவை அதைக் கேட்டுவிட்டார். "சார், படத்த எப்ப காட்டுவீங்க?"

"அவசரப்படக் கூடாதும்மா. தேறினவங்களுக்கு அது தேவையே படாது."

டீச்சர் தேறினார். சாதாரணமாக அல்ல, முதலாவதாக. நெட்டை லாரிக்கும் குட்டை ஆட்டோவுக்கும் நடுவே கார் விடக் கற்றுக் கொடுத்தவருக்குப் புருவத்தைத் தூக்குவதா பெரிய கம்பசூத்திரம்? இனி முகத்தை எடுத்துவிடுவார்கள் என்று இயக்குநர் அறைக்குப் போனார்.

இயக்குநர் எழுந்து நின்றே வரவேற்றார். "அற்புதம்! நம்ம ஆண்டு விழாவுல நீங்கதான் முக்கிய நிகழ்ச்சி. அமைச்சர் வர்றார். முதல்ல பெரிய திரையில உங்க பழைய முகத்தக் காட்டுவோம். துணை இயக்குநர் விளக்கம் படிப்பார். விளக்கு போட்டதும் மேடையில நீங்க. திரும்பித் திரையப் பார்த்து, உங்க பழைய முகத்த நீங்களே பார்த்து, ஒரே ஒரு தடவை சிரிக்கணும். நல்லா, மனசு விட்டு."

"நான்... சிரிக்கணும்."

"அதுதான் குணமானதுக்கு அடையாளம்."

"அப்புறம் அத எடுத்துடுவீங்க?"

"எடுக்கறதா? எல்லா ஊருக்கும் அனுப்பப் போறோம்மா! முன், பின். உங்களப் பார்த்து எத்தனை பேர் திருந்துவாங்க!"

டீச்சருக்கு அக்காவின் படுக்கையும் ஜன்னலோரத்து டம்ளரும் கண்ணுக்கு முன் வந்து நின்றன. அதைப் பார்த்துச் சிரிக்க வேண்டுமாம். காரில் இருந்திருந்தால் பிரேக்கை மிதித்த மிதியில் இயக்குநர் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே போய் விழுந்திருப்பார். இங்கே காலடியில் கம்பளம்தான் இருந்தது.

"ம்ம்ம்" என்றார் டீச்சர். மூன்றாவது வகை.

"பிரமாதம்!" என்றார் இயக்குநர்.

நடையில் கேமராக்காரப் பெண் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் எழுந்தாள். "அம்மா, மன்னிச்சுக்கங்க. அத வெட்டி ஒட்டினது நான்தான். சொன்னதச் செஞ்சேன். அன்னைக்கே எனக்கு மனசு கேக்கல."

"நீ என்னம்மா பண்ணுவ" என்றார் டீச்சர். பிறகு சும்மாதான் கேட்டார், "அந்த ஓட்டைக்கு முன்னாடி எத்தனையோ முகம் வந்து நிக்குமே. என் முகம் மட்டுந்தான் கிடைச்சுதா?"

பெண் இரண்டு பக்கமும் பார்த்தாள். "உள்ள வாங்க, ஒண்ணு காட்டறேன். அடுத்த மாசம் நான் வேற வேலைக்குப் போறேன். எனக்கென்ன பயம்?"

அந்தச் சின்ன அறையில் அவள் ஒரு திரையைத் தட்டிவிட்டாள். பூ அறை. காலை நேரம், கலைக்கூடம் திறப்பதற்கு முன்னால். இயக்குநர் தனியாக வந்து படத்துக்கு மிக அருகில் நின்றார். படத்தில் ஜாடிக்குப் பின்னால் கருநீல இருட்டு, அதற்கு மேல் கண்ணாடி, மேலே விளக்கு. முகம் பார்க்க அதைவிட நல்ல இடம் அந்தக் கட்டடத்தில் இல்லை. இயக்குநர் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்தார்.

"தினமும் வருவார்" என்றாள் பெண். "மழை, வெயில் எதுவானாலும்."

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்றுதான் அவர் கலைக்கூடத்தில் ஒன்றை முழுசாக ரசித்துப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து அக்கா மகளிடம் சொன்னபோது அவள் தட்டில் இருந்ததை எல்லாம் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டாள்.

"பாவம் இல்லையா சித்தி, வயசான மனுஷன்?" என்றாள், ஒரு பேச்சுக்கு.

"பாவந்தான்" என்றார் டீச்சர். "கோபப்படக் கூடாது. இரக்கப்படணும்."

விழா நாளன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் அமைச்சர், பக்கத்தில் இயக்குநர். முடி அன்றைக்குத் தனி எழுச்சியோடு இருந்தது. இயக்குநர் எழுந்து ஒரு சிறிய உரையும் ஆற்றினார். "கலையின் முன்னால் நின்று தன்னை மறப்பவனே ரசிகன்" என்றார். "நான் ஒவ்வொரு நாளும், இந்தக் கட்டடம் கண் விழிக்கும் முன்பே, தனியாகப் போய் அந்தப் படத்தின் முன் நிற்கிறேன். அங்கே நடப்பதை வார்த்தையால் சொல்ல முடியாது." கைதட்டல். அமைச்சர், இப்படிப்பட்ட ஒருவருக்கு இன்னும் எத்தனை கட்டடம் கட்டிக் கொடுத்தாலும் தகும் என்று காதருகே சொன்னார்.

விளக்கணைந்தது. மேடையோரத்தில் ஒரு சின்ன மேசை விளக்கு மட்டும். அதன் கீழே தாளில் முகம் புதைத்துத் துணை இயக்குநர். டீச்சர் மேடை நடுவில் இருட்டில் நின்றார். திரை ஒளிர்ந்தது.

"கவனியுங்கள்" என்று படித்தார் துணை இயக்குநர். "இவர் படத்தின் முன்னால் நிற்கிறார்; படத்தைப் பார்க்கவில்லை. தன்னைத்தான் பார்க்கிறார்."

சுவரளவு பெரிய இயக்குநர், தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, தன்னைப் பார்த்தார்.

"இதோ, கை முகத்துக்குப் போகிறது. கட்டுப்பாடு இல்லாத மனத்தின் முதல் அடையாளம்."

கை சீப்போடு போனது. முன்முடியை மேலே தூக்கியது. விழுந்தது. மறுபடி தூக்கியது. நிற்கவில்லை. இயக்குநர் விரலை நாக்கில் தொட்டு எச்சிலால் ஒட்டினார். நின்றது.

அரங்கத்தில் எங்கோ ஓர் இருமல் சிரிப்பாக மாறியது.

"இப்போது வாய் திறக்கிறது. உள்ளே ஒன்றுமில்லை என்பதை நீங்களே பார்க்கலாம்."

இயக்குநர் வாயை அகலத் திறந்து, சுண்டுவிரல் நகத்தால் கடைவாய்ப் பல்லைக் குடைந்து, எடுத்ததை ஆராய்ந்து, கோட்டில் துடைத்தார். சிரிப்பு வரிசை வரிசையாகப் பற்றிக்கொண்டது. துணை இயக்குநருக்குப் புல்லரித்தது. அவர் வாசிப்புக்கு இதுவரை யாரும் இப்படிச் சிரித்ததில்லை. உற்சாகத்தில் தாளில் இல்லாததையும் சேர்த்தார், தலை நிமிராமலே.

"இவரை எனக்கு நேரில் தெரியும். மிக எளிய அறிவு. எதைக் காட்டினாலும் தன் மூக்குக்கு அப்பால் போகாத பார்வை."

"நிறுத்துய்யா!" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல் கிழிந்தது.

"இடையில் கூச்சல் போடுவதும்," என்றார் துணை இயக்குநர், "பயிற்சி இல்லாதவர்களின் குணமே."

திரையில் இயக்குநர் சீப்பைப் பையில் போட்டுவிட்டு, கண்ணாடியில் தன்னை நோக்கி ஒற்றைக் கண்ணைச் சிமிட்டி, "மேதைய்யா நீ" என்றார். அத்தோடு படம் முடிந்து விளக்கு எரிந்தது.

மேடை நடுவில் டீச்சர் நின்றார். ஒப்புக்கொண்ட வேலையை அவர் மறக்கவில்லை. திரையைத் திரும்பிப் பார்த்து, ஒரே ஒரு தடவை சிரித்தார். நல்லா, மனசு விட்டு. சிக்னலில் நிற்கிற லாரிக்காரனுக்கும் கேட்கிற குரல் அது. அரங்கத்தின் கடைசி வரிசை வரை போய்த் திரும்பி வந்தது. கடைசி வரிசையில் அக்கா மகள் இருந்தாள். அவளும் சிரித்தாள்.

"இது யாரு," என்றார் அமைச்சர் மெதுவாக, "நம்ம இயக்குநரா?"

துணை இயக்குநர் அப்போதுதான் தாளிலிருந்து தலையைத் தூக்கினார். திரையைப் பார்த்தார். சிமிட்டிய கண் அப்படியே உறைந்து நின்றது. அவர் முகத்தில் ரத்தம் வற்றியது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேறொரு நிறம் ஏறியது. பல வருஷம் ஒருவருக்குக் கீழே இருந்த மனிதருக்கு மட்டும் வருகிற நிறம்.

"மாண்புமிகு அமைச்சர் அவர்களே" என்றார், குரலைச் சரிசெய்துகொண்டு. "சிரித்தவர்கள் சிரிக்கட்டும். முதலில் சிரிப்புதான் வரும். நீங்கள் பார்த்தது ரசனையின் கடைசிப் படி. பூ மறைந்து, ஜாடி மறைந்து, படமே மறைந்து, பார்ப்பவன் மட்டும் மிஞ்சும் நிலை. சீப்பு அதற்கு ஒரு கருவி. எங்கள் இயக்குநர் அடக்கத்தினால் இதை வெளியே சொன்னதில்லை. இல்லையா ஐயா?"

அரங்கம் இயக்குநரைப் பார்த்தது. அமைச்சர் பார்த்தார். டீச்சரும் பார்த்தார். நாட்டிலேயே விலை உயர்ந்த படத்தை முகம் பார்க்கிற கண்ணாடியாக வைத்துக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் ஆமாம் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது வழி இல்லை.

"ஆமாம்" என்றார் இயக்குநர்.

நீதிபதி முதலில் எழுந்து கைதட்டினார். பிறகு எல்லோரும்.

அடுத்த வாரமே புது வகுப்பு ஆரம்பமானது. இப்போது பூ அறையில் நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள். சனிக்கிழமைதோறும் மக்கள் சீப்போடு வந்து உட்காருவார்கள். இயக்குநர் படத்தின் முன் நின்று தலை சீவுவார், நகத்தால் பல் குடைவார், கண் சிமிட்டுவார், "மேதைய்யா நீ" என்பார். துணை இயக்குநர் விளக்கம் சொல்வார். இப்போதெல்லாம் அவர் தாளைப் பார்ப்பதில்லை. இயக்குநரையே கண் எடுக்காமல் பார்க்கிறார். "எச்சிலைக் கவனியுங்கள்" என்பார். "இன்று கொஞ்சம் குறைவு. ஐயா, மறுபடி."

டீச்சரின் முகம் எங்கும் இல்லை. போகிற நாளன்று கேமராக்காரப் பெண் அதை வேரோடு அழித்துவிட்டுப் போனாள். வெளியே கைப்பேசிகளில் இருந்ததையும் யாரும் பார்ப்பதில்லை. அதைவிட நல்லது வந்துவிட்டது. டிரைவிங் ஸ்கூலில் பழையபடி கூட்டம். பல் டாக்டரும் ஒருவழியாகத் தேறிவிட்டார்.

ஒரு சனிக்கிழமை டீச்சரும் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். இயக்குநர் இளைத்திருந்தார். முன்முடி நன்றாகவே மெலிந்து, அலை போய்க் கரை தெரிய ஆரம்பித்திருந்தது. சீவி முடித்ததும் அவர் டீச்சரைப் பார்த்துவிட்டார். இரண்டு எட்டு வைத்து வந்து, குனிந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார்.

"அம்மா, நான் சும்மா தலைதாம்மா சீவினேன். சத்தியமா வேற ஒண்ணும் இல்ல. நான் சொன்னா அடக்கம்கறாங்க. நீங்க பயிற்சியில முதலா வந்தவங்க, நீங்க சொன்னா நம்புவாங்க. நிறுத்தச் சொல்லுங்கம்மா. கெஞ்சிக் கேக்கறேன்."

கண் ஓரத்தில் ஈரம் இருந்தது. டீச்சர் அதை நிதானமாகப் பார்த்தார். உண்மையான ஈரம்தான்.

"என்ன சொல்றார் ஐயா?" என்று துணை இயக்குநர் ஆவலோடு வந்தார். பின்வரிசைக்காரர்கள் கழுத்தை நீட்டினார்கள்.

டீச்சர் எழுந்து நின்றார். பாரம் இடது காலில், ஆள்காட்டி விரல் தாடையில்.

"வாரத்துக்கு ஒரு நாள் போதலையாம்" என்றார், எல்லோருக்கும் கேட்கிற குரலில். "தினமும் செய்யணும்னு ஆசைப்படறார். சொல்லக் கூச்சப்படறார்."

கைதட்டலில் அறை அதிர்ந்தது. இயக்குநர் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். ஒரு மாணவர் எட்டி உள்ளே பார்த்துவிட்டு, "ம்ம்ம்" என்றார்.

டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். காரில் அக்கா மகள் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அந்த வாரம்தான் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருந்தாள்.

"என்னாச்சு சித்தி?"

"இனிமே தினமும். ஞாயித்துக்கிழமையும் உண்டான்னு கேட்டுட்டு வந்திருக்கலாம், மறந்துட்டேன்" என்றார் டீச்சர். "சரி, வண்டிய எடு."